ஏழு காதம்

2025 மே 11, ஞாயிறு

என் பெயர் ஜெயச்சந்திரன். வயது ஐம்பது. அரசு சர்வே துறையில் தலைமை சர்வேயர். பாறசாலையிலிருந்து வெள்ளறடை செல்லும் சாலையில் குடியிருப்பு. என் மகள் நந்தனா எழுதிய கதையைத் தட்டச்சு செய்யும் பணியை இன்று ஏற்றுக்கொண்டேன். அப்பணியின் முறையான பதிவாக இந்நோட்டு இருக்க வேண்டும் என்பதே இதன் நோக்கம்.

நந்தனாவுக்கு இருபத்து மூன்று. திருவனந்தபுரத்தில் பி.எட். படிக்கிறாள். எங்கும் இல்லாத ஒரு நாட்டைப் பற்றி மூன்றாண்டுகளாக எழுதிவந்திருக்கிறாள். எழுதியது முழுவதும் நான் கழித்துப் போட்ட ஒன்பது ஃபீல்டு புத்தகங்களில். அவற்றின் ஒவ்வொரு பக்கத்திலும் நடுவில் இரண்டு சிவப்புக் கோடுகள் ஓடும். அக்கோடுகளுக்கிடையே தூரத்தைக் குறிப்பது சர்வே முறை. அவள் கதையை இருபுறமும் எழுதி, நடுவே ஏதேதோ கிறுக்கியிருக்கிறாள்.

நாகர்கோவிலில் ஒரு பதிப்பகத்தார் ஜூலைக்குள் தட்டச்சுப் படி கேட்டிருக்கிறார்கள். தமிழ்த் தட்டச்சில் நான் உயர்நிலை தேறியவன். விதி ஒன்றே: ஒரு சொல்லையும் கூட்டேன், குறையேன்.

மே 14

அவள் எழுதும் முறையை இன்றுதான் கண்டறிந்தேன். நாங்கள் இருவரும் செல்லும் காலை ரயிலில், பாறசாலையில் பேனாவைத் திறக்கிறாள். நெய்யாற்றின்கரையில் கூட்டம் ஏறியதும் மூடிவிடுகிறாள். பதினெட்டு நிமிடம். அதற்குமேல் ஒரு வரியும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அடுப்படி மேடையில் சோறு கொதிக்கும் நேரம் மட்டும்.

"உட்கார்ந்து எழுதக்கூடாதா?" என்று கேட்டேன்.

"உட்கார்ந்தா யோசிச்சிருவேன்பா."

யோசிக்காமல் எழுதுவது எப்படி? கேட்கவில்லை.

மே 25, ஞாயிறு

எழுபத்திரண்டு பக்கம் முடிந்தது. இழையாள் என்ற உப்பு விற்பவள் கல்வாசலிலிருந்து உவர்த்துறைக்கும் உவர்த்துறையிலிருந்து கல்வாசலுக்கும் நடந்துகொண்டே இருக்கிறாள். இடையில் பேசும் கழுதைகள், உறங்கும் பாலம், பொய்ச் சான்று சொன்னவர்களைக் கடக்கவிடாத ஓடை. நான் இவ்வகைக் கதைகளை வாசித்துப் பழகியவன் அல்லன். ஆயினும் மின்சாரம் போனபோது, அடுத்த பக்கத்தை டார்ச் விளக்கில் வாசித்தேன் என்பதைப் பதிவு செய்கிறேன்.

இதெல்லாம் இவளுக்கு எங்கிருந்து கிடைக்கிறது? விடுமுறை நாட்களில், எங்கள் தோட்டத்தில் ரப்பர் வெட்டும் ரோசம்மாவோடு, ரப்பர் பால் உறையூற்றும் கொட்டகையில் அரைமணி நேரம் இருப்பாள். என்ன பேசுவார்கள் என்று நான் விசாரித்ததில்லை.

ஜூன் 1, ஞாயிறு

பிழை.

கல்வாசலுக்கும் உவர்த்துறைக்கும் இடையே இரண்டாம் அத்தியாயத்தில் ஏழு காதம். ஆறாம் அத்தியாயத்தில் பதினொன்று. பதினோராம் அத்தியாயத்தில் மூன்று. அதே பாதை. அதே பெண். வேறு வழிகளிலும் இப்படியே. ஒன்பது புத்தகங்களையும் புரட்டி எண்ணிப் பார்த்தேன், நாற்பத்தொரு இடங்கள்.

ஜூன் 2

அலுவலகத்தில் கவனம் இல்லை. ஒரு சாலை எப்படி மூன்று நீளம் கொள்ளும்?

ஜூன் 8, ஞாயிறு

சரிசெய்துவிட்டேன். நிலத்தைச் சுற்றி அளந்து, தொடங்கிய கல்லுக்கே திரும்பும்போது எப்போதும் சிறு வித்தியாசம் விழும். அதை எல்லாக் கோடுகளுக்கும் பங்கிட்டு வரைபடத்தை மூடுவது எங்கள் முறை. ஏழு, பதினொன்று, மூன்று, சராசரி ஏழு. எல்லா இடத்திலும் ஏழு காதம் என்று அடித்தேன். மற்ற வழிகளுக்கும் அவ்வாறே. திருத்தப் பட்டியல் ஒன்றும் தயாரித்து, தேதியிட்டுக் கையொப்பமிட்டு வைத்திருக்கிறேன். நடுக்கோட்டுக் கிறுக்கல்களைச் சேர்க்கவில்லை. அவை கதையின் பகுதி அல்ல.

விதியை மீறினேனா? விதி சொல்லைப் பற்றியது. எண்ணைப் பற்றியது அல்ல.

தேநீர் கொண்டுவந்த என் மனைவி பிரேமகுமாரி திரையை எட்டிப் பார்த்தாள். "பிள்ளைக்கிட்ட சொன்னியளா?" என்றாள்.

"பிழைதிருத்தம் எல்லாம் சொல்லிச் செய்யும் காரியமல்ல."

"கல்யாண நாள் அன்னைக்கு எனக்கப் பாட்டி வீட்டு வாசலு கோணலா இருக்குன்னு சொன்ன ஆளாக்கும் நீங்க."

வாசல் கோணலாகத்தான் இருந்தது.

ஜூலை 6, ஞாயிறு

முடிந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம். நந்தனா முதற்பக்கத்தில் கையெழுத்து மட்டும் போட்டாள். புரட்டிப் பார்க்கவில்லை.

"ஒருமுறை வாசித்துவிடு," என்றேன்.

"முடிச்சத நான் வாசிக்கதில்லப்பா. வாசிச்சா வெட்டத் தோணும். வெட்டினா ஒண்ணும் மிஞ்சாது. நீங்க பாத்தியளே, அது போதும்."

அது போதும். அச்சொல் மகிழ்ச்சி தந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

பதிப்பகத்திலிருந்து கடிதம். பதிப்பாசிரியர் ஆனந்தபாய் நூலை வெளியிட விரும்புகிறார். பிரேமகுமாரி அடுத்த வீட்டுக்கும் கேட்கும்படி கூவினாள். நந்தனா இரண்டாம் பத்தியை வாசித்தபோது முகம் மாறியது.

கடைசி அத்தியாயத்தை நீக்க வேண்டும் என்கிறார். அதில் அரசனின் தூதன் பொய் ஓலையோடு குதிரையில் முதல் நாளே புறப்படுகிறான். இழையாள் மறுநாள் வெறுங்கையோடு நடந்து புறப்பட்டு, அவனுக்கு முன்னே ஊர் சேர்ந்து மக்களைக் காப்பாற்றுகிறாள். கடித வாசகம்: "ஏழு காதத்தை நடப்பவள் எப்படிக் குதிரையை முந்துகிறாள்? இது வரை இவ்வளவு கணக்காக எழுதியவர் இங்கே ஏன் வாசகரை ஏமாற்றுகிறார்?" ஓணத்துக்கு முன் பதில் கேட்கிறார்.

கணக்காக எழுதியவர். அது நான்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

சோறு கொதித்தது. அவள் மேடையருகே சும்மா நின்றாள்.

"அந்த எடிட்டர் அம்மா சொல்லதும் சரிதான் போல," என்றாள் தாயிடம். "எனக்க மண்டைக்குள்ள தெளிவா இருந்தது. தாள்ல வரலன்னா நான் எழுதத் தெரியாதவதானே."

நான் செய்தித்தாளை விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 25

ரயிலில் அவள் பேனாவைத் திறக்கவில்லை. நெய்யாற்றின்கரை வரை அதே பெட்டியில்தான் நானும் நின்றேன்.

என் திருத்தத்தால்தானா? ஆனால் மூலத்திலும் பிழை இருந்ததே. பதினொன்று என்று இருந்தால் மட்டும் அவள் குதிரையை முந்திவிடுவாளா? சொன்னால் அவள் மனம் இன்னும் கலங்கும். சொல்லாமலிருப்பதே... இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க இயலவில்லை.

ஆகஸ்ட் 27

காலையில் ரோசம்மா பால் வாளியோடு கொட்டகைக்கு வந்தாள். ரப்பர் மரங்களுக்கு மழை மறைப்புக் கட்டப் பிளாஸ்டிக் வாங்கச் சந்திப்புக் கடைக்குப் போக வேண்டும் என்றாள். போய்வர எவ்வளவு நேரமாகும் என்று கேட்டேன்.

"போறதுக்கு ஒரு கிலோமீட்டர். கெழங்கும் சொமந்து வாறப்ப ரெண்டாக்கும் சாறே."

"ரோசம்மா, ஆயிரத்து இருபது மீட்டர். போனாலும் வந்தாலும். நானே அளந்தது."

"ஒங்க டேப்பு சொமடு எடுத்துண்டா?" அவள் வாளியை இறக்கி வைத்துச் சிரித்தாள். "எனக்க மாப்பிள செத்த சேதி சொல்லதுக்கு அவருக்க அம்மைக்க வீட்டுக்குப் போனேன். இந்தா, அந்தப் பாலத்துக்கு அங்கோட்டுதான் வீடு. நடந்து நடந்து தீரல்ல சாறே. சொல்லி முடிச்சு திரும்பினா, கண்ணடச்சு தொறக்கதுக்குள்ள வீட்டு முற்றம். ஒங்க மோளு மட்டும் நம்பினா. எழுதி வைக்கேன் மாமின்னும் சொன்னா."

நான் நின்ற இடத்தில் நின்றேன். வேலைக்குப் போகும் ரயிலைத் தவறவிட்டேன். இருபத்தாறு ஆண்டுகளில் இரண்டாம் முறை.

ஆகஸ்ட் 28

ஃபீல்டு புத்தகங்களைத் திறந்தேன். கிறுக்கல்கள் அல்ல. ஒவ்வொரு தூரத்துக்கும் நேராக, நடுக்கோட்டில், நடப்பவர் சுமப்பது எழுதப்பட்டிருக்கிறது.

ஏழு காதத்துக்கு எதிரே: உப்பு.
பதினொன்றுக்கு எதிரே: தம்பி இறந்த செய்தி.
மூன்றுக்கு எதிரே: சொல்லியாயிற்று, வெறுங்கை.

கடைசி அத்தியாயத்தில் தூதனுக்கு எதிரே: பொய். தூரம் எழுதப்படவில்லை. ஒரு கோடு மட்டும், பக்கத்தின் அடிவரை.

நாற்பத்தொரு இடங்களிலும் பொருந்துகிறது. ஓரிடத்திலும் பிழை இல்லை. என் வரைபடங்கள் எதுவும் இவ்வளவு சுத்தமாக மூடியதில்லை.

ஆகஸ்ட் 29

இன்று சொல்லியிருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 30, சனி

சொன்னேன். அடுப்படியில், திருத்தப் பட்டியலை மேடைமேல் வைத்து. அவள் முதலில் பட்டியலை வாசித்தாள்.

"நாப்பத்தொண்ணு," என்றாள். "எண்ணி ஒப்பும் போட்டு வச்சிருக்கிய."

"ஆம்."

"நான் நேத்து அவங்களுக்கு மெசேஜ் அனுப்பிட்டேன். கடைசி அத்தியாயத்த எடுத்திருங்கன்னு." குரல் உயரவில்லை. "எட்டு நாளு, எனக்குத் தெரியாது, நான் மண்டு, எனக்கு எழுத வராதுன்னு கெடந்தேன். நீங்க எதிர்ல உக்காந்து பேப்பர் வாசிச்சிய. எப்பா, ஒரு வார்த்த கேட்டிருக்கப்படாதா? ஏன் மக்கா இப்படி எழுதியிருக்கன்னு. ஒரே ஒரு வார்த்த!"

கேட்டிருக்கலாம். அவள் எதிரிலேயேதான் இருந்தாள். ஏன் கேட்கவில்லை? பிழை என்று கண்டால் யாரையும் கேட்பதில்லை நான். கேட்டுப் பழக்கமே... என்னத்தச் சொல்ல. இத்தனை வருசம் படிச்சு என்ன புண்ணியம்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

நந்தனா என்னோடு பேசவில்லை. இருப்புக்கொள்ளாமல் சந்திப்புக்கு நடந்தேன். அடிகளை எண்ணினேன்: 1,358. அங்கே பதினைந்து கிலோ மரச்சீனிக் கிழங்கு வாங்கித் தோளில் ஏற்றித் திரும்பினேன்: 1,703. வழியில் ஆட்டோக்காரர்கள் இருவர் நிறுத்தி, "சாறே, ஏறுங்க, காசு வேண்டாம், கொண்டு விடுதோம்," என்றார்கள். ஏறவில்லை. ரோசம்மா வேலியருகே நின்று பார்த்தாள்.

"எத்தன கிலோமீட்டர் சாறே?" என்று கூவினாள்.

மூச்சு வாங்க, கிழங்கை இறக்கி வைத்தேன்.

செப்டம்பர் 1, திங்கள்

நேற்றைய அளவீட்டை ஒரு தாளில் முறைப்படி எழுதி, இரண்டு எண்களுக்கும் எதிரே "வெறுங்கை", "கிழங்கு" என்று நடுவில் குறித்து, நந்தனாவின் பையில் வைத்தேன். ரயிலில் எடுத்து வாசித்தாள். உதட்டோரம் அசைந்தது. பிறகு கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு என்னருகே வந்தாள்.

"கெழங்கு சரி. தெரிஞ்சபெறகும் சொல்லாம ரெண்டு நாளு வீட்டுக்குள்ள நடந்தியளே, அது எத்தன அடி?"

எண்ணவில்லை என்றேன். ரயில் தனுவச்சபுரம் தாண்டியது.

"பதிப்பகத்துக்கு நான் பேசட்டுமா?" என்று கேட்டேன். முதல் முறையாகக் கேட்டேன்.

"பேசுங்க."

செப்டம்பர் 2

ஆனந்தபாய் தொலைபேசியில் சொன்னது: "எழுத்தாளருக்க அப்பாமாரு கூப்பிட்டா நான் எடுக்கதில்ல சார். புகழ்ந்தே கொன்னிருவாங்க." நான் என் குற்றத்தைச் சொல்லி முடித்ததும், "சராசரியா? சராசரியா எடுத்திய?" என்றார். சிரித்தாரா என்று உறுதியாகச் சொல்ல இயலாது. திங்கள்வரை அச்சை நிறுத்தி வைக்கிறார். மூல நோட்டுகளோடு நேரில் வர வேண்டும்.

செப்டம்பர் 5, திருவோணம்

நாற்பத்தொரு இடங்களும் பழையபடி. நடுக்கோட்டுச் சொற்களை நடுவிலேயே அடித்தேன். விருந்தில் எனக்கு நந்தனாதான் பரிமாறினாள். அப்பளம் இரண்டு வைத்தாள்.

செப்டம்பர் 8, திங்கள்

நந்தனாவும் நானும் நாகர்கோவில் போய் வந்தோம். ஒன்பது ஃபீல்டு புத்தகங்களும் என் மடியில் இருந்தன. ஆனந்தபாய் கடைசி அத்தியாயத்தை எங்கள் முன்னிலையிலேயே வாசித்தார். அடிவரை ஓடும் அந்தக் கோட்டின்மேல் விரலை வைத்துக் கீழே வரை இழுத்தார். "இது இருக்கட்டும்," என்றார் நந்தனாவிடம். "நான் வெட்டச் சொன்னத மறந்திரு. ஆனா இந்தக் கோடுகள ஏன் வாசகருக்கு விளக்கல்ல?"

"அந்த நாட்டுக்காரங்களுக்குத் தெரிஞ்ச காரியம் மேடம். யாரு யாருக்கு விளக்குவா?"

ஆனந்தபாய் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

திரும்பும் ரயிலில், குழித்துறை கடந்ததும் அவள் பேனாவைத் திறந்தாள். புதிய நோட்டு, என் அலமாரியிலிருந்து கேளாமல் எடுத்த பத்தாவது ஃபீல்டு புத்தகம். அது இன்னும் கழிக்கப்படாதது என்று சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டேன். பாறசாலையில் இறங்கும்போது அதை என்னிடம் நீட்டினாள். "ஒரு பக்கம்தான். அடிச்சுத் தருவியளா?"

வீட்டுக்கு வந்து வாசித்தேன். மூன்றாம் வரியில் ஒரு ஆறு கடலில் தொடங்கி மலையை நோக்கி ஓடுகிறது. நடுக்கோட்டில் எதுவும் எழுதப்படவில்லை.

தாழ்விலிருந்து மேட்டுக்கு. பிழையாகத்தான் இருக்க வேண்டும். பிழையில்லாமலும் இருக்கலாம். கை பரபரக்கிறது.

நாளை காலை, அவள் ரயிலுக்குக் கிளம்புமுன் கேட்பேன்: ஏன் மக்கா இப்படி எழுதியிருக்க? அவள் பதில் சொல்லும்வரை, நான் அடிக்கும் தாளில் அந்த ஆறு மேட்டை நோக்கியே ஓடும்.