வலை அறுந்தது

பிப்ரவரி 4, செவ்வாய்
இன்று ஆப்பின் எல்லாச் சோதனையும் பச்சை, ஒரு பிழையும் இல்லை. வடசேரி ஆபீஸில் மேலாளர் பத்மகுமார் சார் எல்லோருக்கும் பழம்பொரி வாங்கிக் கொடுத்தார். பிடித்த மீனை வள்ளத்திலிருந்தே பதிந்து அனுப்பும் எங்கள் மீன் கணக்கு ஆப் நாளை முதல் கடலில் ஓடும். மண்டைக்காட்டுக் கரையில் அதை முதலில் போனில் ஏற்றிக்கொண்டவர் அப்பாதான். "எம்மவ எழுதுனது" என்று கரை முழுக்கச் சொல்லிவிட்டார்.

பிப்ரவரி 5, புதன்
அப்பா மீன் பிடிக்காமல் திரும்பிவிட்டார். கடலில் சிக்னல் போனதும் ஆப்பில் சிவப்பாக வந்ததாம்: 'வலை அறுந்தது'. உடனே வலையை இழுத்து, வள்ளத்தைத் திருப்பி, மணலில் விரித்துக் கண்ணி கண்ணியாகத் தேடியிருக்கிறார். ஒரு கிழிசலும் இல்லை.
கூடப் போன கிளீட்டஸ் மாமா கேலியாக, "இது கண்ணுக்குத் தெரியாத கிழிசலாக்கும். தீர்த்தம் தெளிக்கணும்" என்றாராம். அப்பா நிஜமாகவே ஃபாதரைக் கூட்டி வந்துவிட்டார். வலைக்குத் தெளித்த ஃபாதர், எதற்கும் இருக்கட்டும் என்று போனுக்கும் தெளித்தார். ஸ்பீக்கர் கரகரக்கிறது.

பிப்ரவரி 6, வியாழன்
நெட்வொர்க் துண்டிப்பைத்தான் பத்மகுமார் சார் தூய தமிழில் அப்படி எழுதியிருக்கிறார். வயக்காட்டு ஊர்க்காரர். "வலைன்னா இணையம்தானேம்மா?" என்கிறார். எங்கள் கரையில் வந்து சொல்லிப் பாருங்கள் சார்!
என் சோதனை இதை ஏன் கண்டுபிடிக்கவில்லை? ஒரு பிழையை இன்னொரு பிழைக்குள் பொதிந்து அனுப்புகிறோம். மேலே 'கணக்கு போகவில்லை', உள்ளே அதன் காரணம். மேல் பிழை வந்ததா என்று மட்டும் பார்த்து நான் பச்சை போட்டேன். திரையோ உள்ளே கிடந்ததை எடுத்துக் காட்டியது. பொதிச்சோற்றை வெளியே தொட்டுப் பார்த்தே மீன் இருக்கிறது என்று சொன்ன கதை.
அப்பா என்னோடு பேசவில்லை.

பிப்ரவரி 7, வெள்ளி
பேசவில்லை.

பிப்ரவரி 8, சனி
அப்பா ஏன் பேசவில்லை என்று அம்மாவைப் பிடித்துக்கொண்டேன்.
"அப்பாக்கு தலவேதன, பெபிஷா."
"அதுக்குள்ள என்ன?"
"என்னட்டி, தலைக்குள்ளயா?"
"காரணத்துக்குள்ள காரணம்மா."
"கோவம்."
"அதுக்குள்ள?"
"கரையில எல்லாரும் சிரிக்காவ, தீர்த்தம் தெளிச்ச போன்னு."
"அதுக்குள்ள?"
அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தாள். "வலை நல்லாத்தான் கெடக்குன்னு கிளீட்டஸ் கடல்லயே சொன்னான். இவரு கேக்கல. எம்மவ எழுதுனது தப்பா வராதுன்னுட்டு திரும்புனாரு."
அதற்குள்ளே வேறொன்றும் இல்லை. அழுதுவிட்டேன். கண் முன்னாடி கெடந்த வலையை நம்பல, என்னைய நம்பிருக்காரு. என்னத்த எழுதித் தொலைச்சேன் நான் —

பிப்ரவரி 10, திங்கள்
அடிப்பிழை வரை பிரித்துப் பார்க்கும் புதுச் சோதனை எழுதினேன். முதல் தடவையே சிவப்பு: பிழையைப் பிடித்துவிட்டது. சிவப்பைப் பார்த்து இப்படிச் சந்தோஷப்பட்டதே இல்லை. வாசகத்தை 'சிக்னல் இல்லை' என்று மாற்றினேன். சாருக்குத் தமிழ் போய்விட்டதே என்று வருத்தம். "'அலை நின்றது'ன்னு வைப்போமா?" என்றார். கையெடுத்துக் கும்பிட்டேன்.
அப்பாவின் போனில் புது ஆப்பை நானே ஏற்றி மேசையில் வைத்திருக்கிறேன். எடுப்பாரா?

பிப்ரவரி 12, புதன்
காலையில், கரைப் பக்கம் சிக்னல் கிடைத்ததும், கடலிலிருந்து அப்பாவே கூப்பிட்டார். "மக்கா, வலை அறுந்துட்டு."
"அத மாத்திட்டேனேப்பா! சிக்னல் இல்லைன்னுதானே வரணும்? திரையில என்ன இருக்கு, படிங்க."
"திரையில ஒண்ணும் இல்லட்டி. பாறையில மாட்டி நெசமாவே அறுந்துட்டு. அதான் ஒனக்கு மொதல்ல சொல்லுதேன்."
கிளீட்டஸ் மாமா சிரிப்பது கேட்டது. பிறகு அப்பாவும்.
"திரும்பி வாறோம். ஃபாதரக் கூப்பிடாண்டாம்."