உங்கள் சாவுக்குச் சாட்சி சொன்ன தெரு

மச்சான்,

இன்றைக்கு ஜெயங்கொண்டம் ஜெராக்ஸ் கடையில் உங்கள் பெயரைச் சூடாகக் கையில் வாங்கினேன். உங்கள் மகள் நர்சிங் படிப்புக்கு மனுப் போடுகிறாள். அதற்கு அப்பாவின் இறப்புச் சான்றிதழ் நகல் வேண்டுமாம். மிஷினிலிருந்து வந்த தாள், இப்போதுதான் இஸ்திரி போட்ட சட்டை மாதிரிக் கதகதவென்று இருந்தது. மை வாசனை வேறு. கடைக்காரர் தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “பெரம்பலூர் மாவட்டம்னு இருக்குங்களே, இனிமே நாம அரியலூருங்க” என்றார்.

“எழுதுனப்ப அப்படித்தான்யா இருந்துச்சு. அதுக்கு முந்தியும் அரியலூருதான். அவரு செத்ததே அரியலூரு மாவட்டத்துல, சர்ட்டிபிகேட் வந்தது பெரம்பலூரு மாவட்டத்துல” என்றேன். அவருக்கு விளங்கவில்லை. காசைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் அந்தத் தாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நம் ஊர் பஸ் வந்து, ஆளை ஏற்றிக்கொண்டு போயும் விட்டது.

இந்தச் சான்றிதழை நான் வாங்கிய கதையைக் கேட்காத ஆள் மீன்சுருட்டி சுற்றுவட்டாரத்தில் கிடையாது. கல்யாண வீட்டுப் பந்தியில் சொல்லியிருக்கிறேன், கங்கைகொண்ட சோழபுரம் கோயில் புல்தரையில் வெள்ளைக்காரன் ஒருவனுக்குக்கூடச் சொல்லியிருக்கிறேன். அவன் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டான். நீங்கள் இருந்திருந்தால், “சரி சரி, பாதியக் கழிச்சிட்டுச் சொல்லு” என்றிருப்பீர்கள். எட்டாவதோடு நின்றவனுக்கு வாய்தானே சொத்து. ஆனால் உங்களிடம் சொல்லும்போது நான் எப்போதுமே கொஞ்சம் குறைத்துத்தான் சொல்லுவேன். இதையும் அப்படியே சொல்கிறேன்.

வெளியூரில் உயிர் போனவரை ஊருக்குள் கொண்டுவரக் கூடாது என்பது நம் ஊர் வழக்கம். எல்லையில் இறக்கி, அங்கேயே குளிப்பாட்டி, அப்படியே சுடுகாடு. உங்கள் சித்தப்பாவை மழையோடு மழையாக மதகு ஓரத்தில் கிடத்தியிருந்தபோது நீங்கள் என் பக்கத்தில் நின்றீர்கள். அன்றைக்கெல்லாம் ஒரு வார்த்தைதான் பேசினீர்கள். “சொந்த வூட்டு வாசல ஒருக்கா பாக்கவிடாம அனுப்புறோமேடா.”

அதனால்தான் திருச்சி ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “வீட்டுக்கு அழைச்சிட்டுப் போயிடுங்க” என்றதும் நான் நிமிஷம் தாமதிக்காமல் வேன் பேசினேன். அரியலூர் வரைக்கும் மூச்சு இருந்தது. வி.கைகாட்டி கூட்டுரோடு தாண்டி, சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசையாக நின்ற இடத்தில் வேன் கொஞ்ச நேரம் நின்றது. முன்சீட்டில் இருந்த நான் திரும்பிப் பார்த்தேன். உங்கள் தலை என் அக்கா மடியில் இருந்தது. அக்கா என்னைப் பார்த்தாள். அழவில்லை. முந்தானையை இழுத்து உங்கள் முகத்தில் வெயில் படாமல் பிடித்துக்கொண்டாள். டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டுப் பாட்டை நிறுத்தினான்.

அப்புறம் நான் பேச ஆரம்பித்தேன் மச்சான். ஜெயங்கொண்டம் வந்தது, சோழபுரம் வந்தது, கோபுரம் தெரியுது பாருங்க, இந்த வருஷம் முந்திரி பூத்திருக்கிறதைப் பாருங்க என்று உங்களோடு பேசிக்கொண்டே வந்தேன். ஊர் முனை டீக்கடையில் ஆட்கள் வேனை நிறுத்தி, “எப்படி இருக்காரு?” என்றார்கள். “பேசிக்கிட்டுத்தான் வராரு” என்றேன். வேன் உள்ளே போனது. நம் வீட்டுக் கட்டிலில் உங்களைக் கிடத்தி வாயில் பால் விட்டபிறகுதான் நான் ஓவென்று கத்தினேன்.

சாவுக்கு வி.ஏ.ஓ. பெரிய மாலையோடு வந்தார். தலையாரி கூடவே வந்து பந்தலுக்குக் கயிறு கட்டினார். கிராமக் கணக்குப் பார்க்கிறவரே நேரில் வந்து மாலை போட்டுவிட்டுப் போயிருக்கிறார், அவர் எழுதாமலா இருப்பார் என்று நான் மட்டுமில்லை, ஊரே நினைத்தது. செத்துப்போனார் என்று தனியாகப் போய்ச் சொல்லி, கையெழுத்துப் போட வேண்டும் என்பது ஒருவர் தலையிலும் ஏறவில்லை. கருமாதி முடிந்தது. மாலை போட்டவர் மாற்றலாகிப் போனார். பள்ளிக்கூடத்தில் நீங்கள் பார்த்த பியூன் வேலையை வாரிசு என்ற முறையில் அக்காவுக்குக் கேட்கலாம் என்று ஹெட்மாஸ்டர் சொல்லியனுப்பினார். முதலில் இறப்புச் சான்றிதழ், அதை வைத்து வாரிசுச் சான்றிதழ், அப்புறம் மனு.

புது வி.ஏ.ஓ. பதிவேட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். “பழையவரு மாலைதாங்க போட்டிருக்காரு, பதிவு போடல.”

அங்கிருந்து ஆரம்பித்தது என் ஓட்டம். நாள் கடந்துவிட்டதால் தாலுகா ஆபீஸில் மனுக் கொடுக்க வேண்டும். ரேஷன் கார்டு, ஆஸ்பத்திரிச் சீட்டு, ஏன் தாமதம் என்று நோட்டரி கையெழுத்தோடு ஒரு பத்திரம். எல்லாம் கொடுத்துக் காத்திருந்த நேரம் பார்த்து அரியலூர் மாவட்டத்தைக் கலைத்துப் பெரம்பலூரோடு சேர்த்தார்கள்; இப்போதுதான் மறுபடி பிரித்திருக்கிறார்கள். ஃபைல் எங்கே என்றால் அரியலூரில் பெரம்பலூர் என்றார்கள், பெரம்பலூரில் இன்னும் வந்து சேரவில்லை என்றார்கள். பெரம்பலூர் கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனு வாங்குகிற வரிசையில் நின்றேன். என்னைக் கண்டதும் கலெக்டர் எழுந்து நின்றார் என்று ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன். எழுந்ததென்னவோ உண்மை. அது சாப்பாட்டு நேரம்.

கடைசியில் விசாரணைக்கு ரெவின்யூ இன்ஸ்பெக்டர், அதாவது ஆர்.ஐ., வந்தார். ரேஷன் கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கறாரான மனுஷர். ஆஸ்பத்திரிச் சீட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “நண்பகல்ல கிளம்பியிருக்கீங்க, கடைசி நெலமையில. வழியில உயிர் போயிருந்தா அந்த இடத்துலதான் பதியணும். இங்க பதிய முடியாது. முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். வருஷம் தாண்டிட்டா கோர்ட்டுக்குத்தான் போவணும். பொய் சொல்லிப்புடாதீங்க.”

அக்காவின் வேலை அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. நான் ஒருத்தன் சொன்னால் போதாது, தெருவும் சொல்ல வேண்டும். தெருவுக்கு என்ன தெரியும், நான் சொன்னதைத்தானே நம்பிக்கொண்டிருக்கிறது என்று நினைத்தேன்.

முதலில் வந்தது நாகம்மா. வேலித் தகராறில் உங்களோடு ஏழெட்டு வருஷம் முகம் பார்க்காத அதே நாகம்மா. “நான் கிட்டத்துலதாங்க நின்னேன். என்னையப் பாத்தாரு. நாகம்மா, அந்த வேலிய நீயே வச்சிக்கன்னுட்டுத்தான் கண்ண மூடுனாரு.”

எனக்குச் சிரிப்பு வந்தது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லையே. அடுத்து டீக்கடைக்காரர். “உள்ள போறப்ப எனக்குக் கையக் காட்டிட்டுப் போனாருங்க.” அதற்கடுத்தவர், நீங்கள் தண்ணீர் கேட்டதாகச் சொன்னார். இன்னொருவர், மகளைப் படிக்கவைக்கச் சொன்னதாகச் சொன்னார்.

ஆர்.ஐ. பேனாவை நிறுத்தினார். “ஏங்க, சாவப்போற மனுசன் இவ்வளவா பேசுவாரு?”

“உயிரோட இருந்தப்ப பேசாததெல்லாம் சேத்து வச்சிருந்தாருங்க” என்றேன். கூட்டத்தில் யாரோ தும்முவதுபோல் சிரித்தார்கள்.

கடைசியாக உங்களைக் குளிப்பாட்டிய பெரியவரைக் கூப்பிட்டார்கள். கை, கால் பிடித்துத் துணி மாற்றியவர். அவர் கைக்குத் தெரியாமல் இருக்குமா? துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு தரையைப் பார்த்தே சொன்னார்: “நான் தொட்டப்பகூட உடம்பு சூடாத்தாங்க இருந்துச்சு.”

அப்போதுதான் புரிந்தது மச்சான். வேன் ஊர் முனையில் நின்றபோதே எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. உள்ளே எட்டிப் பார்த்தவன் ஒவ்வொருவனுக்கும் தெரிந்திருக்கிறது. நான் ஏமாற்றிவிட்டேன் என்று மார்தட்டிக்கொண்டிருந்த தெரு, எனக்காக ஏமாந்த மாதிரி இருந்திருக்கிறது. உங்கள் சித்தப்பாவை மதகு ஓரத்தில் விட்டது அவர்களுக்கும் உறுத்திக்கொண்டே இருந்திருக்கும்போல.

ஆர்.ஐ. அக்கா பக்கம் திரும்பினார். “நீங்க சொல்லுங்கம்மா. உயிர் எங்க போச்சு?”

அக்காவுக்குப் பொய் வராது. அது உங்களுக்குத் தெரியும். அவள் தன் கைகளைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: “எம் மடியிலதாங்க.”

ஆர்.ஐ. அவளையே பார்த்தார். தலையைக் குனிந்து எழுதினார். இறந்த இடம்: வீடு.

சான்றிதழ் வந்தது. வாரிசுச் சான்றிதழும் வந்தது. ஆனால் வேலை உங்கள் பள்ளிக்கூடத்தில் கிடைக்கவில்லை, அரியலூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் போட்டார்கள். தினம் காலையில் பஸ்ஸில் போய்ச் சாயங்காலம் திரும்ப வேண்டும். முதல் நாள் நான்தான் கூடப் போனேன். என் சாமர்த்தியத்தையும் கலெக்டர் எழுந்து நின்றதையும் பக்கத்துச் சீட்டுக்காரரிடம் எடுத்துவிட்டுக்கொண்டே வந்தேன். வி.கைகாட்டி நெருங்கும்போது அக்கா என் கையைத் தொட்டாள்.

“கொஞ்சம் பேசாம வாடா தம்பி.”

மடியில் இருந்த சாப்பாட்டுப் பையை எடுத்துக் கீழே காலடியில் வைத்தாள். புடவையை நீவிவிட்டுக்கொண்டாள். ஜன்னல் பக்கம் திரும்பக்கூட இல்லை. வெறும் மடியோடு, முந்தானை நுனியை வெயிலுக்கு மறைப்பாகப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். லாரிகள் நிற்கும் அந்த இடம் கடந்ததும் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

இன்றைக்கும் தினம் இரண்டு வேளை அப்படித்தான் போகிறாள், வருகிறாள். இதை மட்டும் நான் ஒருவரிடமும் சொன்னதில்லை மச்சான். தனியாக அந்த வழியில் போகும்போதுகூட, அந்த இடம் வந்தால் என் வாய் நின்றுவிடுகிறது. மடியில் என்ன இருந்தாலும் எடுத்துக் கீழே வைத்துவிடுகிறேன்.