அட்டையில் எழுத வேண்டிய பெயர்

மதுரை
12.8.2002

அன்பு மகன் கோகுல்நாத்துக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே கைகால் சுகத்தோடு இருக்கிறோம், அங்கே ஹாங்காங்கில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, தலைவலி காய்ச்சல் இல்லாமல் இருக்க மீனாட்சியை வேண்டிக்கொண்டே இருக்கிறேன். சுங்குடிச் சேலை வியாபாரம் சுமார்தான், கடையைப் பையன்களிடம் விட்டுவிட்டு அப்பா பாதி நாள் நல்லகாமன் டீக்கடையில் உட்கார்ந்துவிடுகிறார். தை மாதம் உன்னிடம் வந்து மாசியில் திரும்பியவர், இப்போது ஆடியே முடியப்போகிறது, அவர் வாய் மட்டும் இன்னும் ஹாங்காங்கை விட்டு வரவில்லை.

நீ மீட்டிங்கில் மாட்டிக்கொண்டு அப்பாவை அழைத்துவர ஆபீஸ் டிரைவரிடம் அட்டை கொடுத்து ஏர்போர்ட்டுக்கு அனுப்பினாய், பாஸ்போர்ட்டில் கடைசிப் பெயர் என்ற கட்டத்தில் தாத்தா பெயர் இருப்பதால் டிரைவர் துளசிராம் என்று எழுதிப் பிடித்துக்கொண்டு நின்றார், இவ்வளவும் உனக்குத் தெரிந்ததுதான். டீக்கடையில் அதை எப்படிச் சொல்கிறார் தெரியுமா? “இம்புட்டுத் தூரம் போய் எறங்குனா, எங்கப்பா பேர ஒருத்தன் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாண்ணே, சரி, அந்தப் பேர்ல இங்கயும் ஒரு பெரிய மனுசன் இருக்காரு போலன்னு ஒரு கும்பிடு போட்டுட்டு நடந்துட்டேன்” என்கிறார். அப்புறம் கூட்டத்தோடு கூட்டமாக மாடி பஸ்ஸில் ஏறியது, எங்கேயோ ஒரு சந்தையில் இறங்கி மிரண்டது, பையில் ஊறுகாய் பாட்டில் உடைந்து வேட்டியெல்லாம் எண்ணெய் ஆனது, பூக்கடைக்காரப் பெண் ஒருத்தி சட்டைப்பையில் இருந்த சீட்டைப் பார்த்து உனக்கு போன் போட்டது என்று ஒன்று விடாமல் வருகிறது. அவர் தொலைந்துபோனது ஒன்றரை மணி நேரம் என்று நீ சொன்னாய். இங்கே அது முதலில் நாலு மணி நேரமாக இருந்தது, இப்போது அரை நாள் ஆகிவிட்டது. நான் போட்ட எலுமிச்சை ஊறுகாய்கூட ஹாங்காங் பார்த்துவிட்டது கோகுல், நான் பார்க்கவில்லை.

அங்கே வந்த புதிதில் மூன்று நாள் அறையை விட்டு வெளியே வராமல், இந்தச் சத்தமும் கூட்டமும் மனுசனுக்கு ஆகுமா, டிக்கெட்டை மாற்றிக் கொடு என்று உன்னைப் பிடுங்கி எடுத்தவர்தானே இவர்? அதை மட்டும் சொல்வதே இல்லை. நாலாம் நாள் நீ டிராமில் ஏற்றிவிட்ட பிறகு மாடியில் முன் சீட்டு இவருக்கென்றே இருந்ததாம், தினம் இரண்டு தடவை படகில் அக்கரை போய் வந்தாராம். அங்கே பார்க்கில் பெரியவர்களோடு கற்றுக்கொண்ட உடற்பயிற்சி என்று சொல்லி, விடிந்ததும் மொட்டைமாடியில் நின்று காற்றை மெல்ல மெல்லத் தள்ளுகிறார். எதிர்வீட்டுக் காசிமாயன், “மாமாவுக்குத் தோள்பட்டை பிடிச்சிருக்கா அத்தை?” என்று என்னிடம் வந்து விசாரித்துவிட்டுப் போனான்.

எனக்குப் பொறாமையாக இருக்கிறது. பெற்ற பிள்ளையிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது, வயிறு எரிகிறது. வருஷா வருஷம் நீ அனுப்பும் காலண்டரைச் சமையலறையில் மாட்டி, அந்தப் படகுப் படத்தைப் பார்த்துக்கொண்டே தோசை சுட்டவள் நான், உன் அப்பா ஒரு நாள் நிமிர்ந்து பார்த்தது கிடையாது. நீ இரண்டு டிக்கெட் அனுப்புகிறேன் என்று போனில் சொன்னபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். உங்கம்மாவுக்கு மேலூர் பஸ்ஸிலேயே வாந்தி வரும், பிளேனில் எப்படி வருவாள் என்று சொல்லி அவர் ஒன்றாகக் குறைத்துவிட்டார். நானும் வாயைத் திறக்கவில்லை. நீயாவது அம்மாவிடம் போனைக் கொடுங்கள் என்று கேட்டிருக்கலாம். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

இப்போது எழுதுவதை அப்பாவிடம் சொல்லாதே. சித்திரையில் ஒரு நாள், மேலூரில் ஸ்ரீலட்சுமி சித்தியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி, மாட்டுத்தாவணியில் திருச்சி பஸ் ஏறினேன். பஸ் மேலூர் வழியாகத்தான் போனது, நான்தான் இறங்கவில்லை. கையில் ஒரு எலுமிச்சம்பழத்தைப் பிடித்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன், போகும்போதும் வாந்தி இல்லை, வரும்போதும் இல்லை. பாஸ்போர்ட் ஆபீஸில் தனியாக வரிசையில் நின்று விண்ணப்பம் கொடுத்தேன். விசாரணைக்குப் போலீஸ்காரர் வீட்டுக்கு வந்த நேரம் உன் அப்பா டீக்கடையில் படகு ஓட்டிக்கொண்டிருந்தார். போன வாரம் தபாலில் வந்துவிட்டது, கொலுப் பொம்மைப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். தினமும் ஒரு தடவை எடுத்துப் பார்க்கிறேன், போட்டோவில் முகம் கொஞ்சம் கோபமாக விழுந்திருக்கிறது.

ஒரே ஒரு டிக்கெட் அனுப்பு. அவர் ஒரு மாதம் ரசம் வைத்துச் சாப்பிடட்டும், டிக்கெட் கைக்கு வந்ததும் நானே அவரிடம் சொல்லிக்கொள்கிறேன். டிராமில் முன் சீட்டில் நான் உட்கார வேண்டும். ஊறுகாயை இந்தத் தடவை பிளாஸ்டிக் டப்பாவில் கொண்டுவருகிறேன்.

வெளியில் கண்டதைத் தின்னாதே, எண்ணெய் தேய்த்துக் குளி. நீ நீண்ட ஆயுசோடு நிறைவாக இருக்க வேண்டும். கடைசியாக ஒன்று, மறந்துவிடாதே. என் பாஸ்போர்ட்டில் அந்தக் கடைசிக் கட்டத்தில் ஜனகராஜ் என்று உன் அப்பா பெயர் இருக்கிறது. டிரைவரை அனுப்பினால் அதைப் பார்த்து எழுதிவிடுவார். உன் கையால், தமிழில், பெரிய எழுத்தில் என் பெயரை எழுதிக் கொடு. கல்யாணப் பத்திரிகைக்குப் பிறகு என் பெயரைப் பெரிதாக எழுதி நான் எங்கேயும் பார்த்ததில்லை. வேறு எந்தப் பெயர் இருந்தாலும் நானும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு நடந்துவிடுவேன்.

இப்படிக்கு,
ஆசீர்வாதத்துடன் உன் அம்மா,
சூடாமணி