ஆமைக்குழிகளை யார் பார்க்கலாம்

பிப்ரவரி 11, வியாழன்

தற்பெருமைக்காகத்தான் எழுதுகிறேன், மன்னிக்க வேண்டும்.

கடலாமைத் திட்டத்தின் மென்பொருளில் யார் எதைப் பார்க்கலாம் என்று முடிவு செய்யும் உரிமையை, திட்டத்தை நடத்தும் மேடம் இன்று என்னிடம் கொடுத்தார். முட்டைத் திருடர்களுக்குப் பயந்து, ஆமைகள் முட்டையிட்ட குழிகள் இருக்கும் இடங்களை உடனே எல்லோருக்கும் மறைத்துவிட்டேன். மரக்காணத்தில் அவற்றைக் காவல் காக்கும் ஏழுமலை அண்ணன் போன் செய்தார்.

"இன்னாம்மா, நான் காவல் காத்துக்கினு இருக்கிற குழி எனக்கே தெரியல. என்னையும் திருடங்களோட சேத்துட்டியா?"

வெட்கத்தில் சிரித்துவிட்டேன். இத்தனை நாளும் அவர் மேடத்தின் கணக்கையே பயன்படுத்தியதால், அவர் கண்டுபிடித்த குழிகள் மேடம் பெயரிலேயே பதிவாகிவந்தன. இன்று அவருக்கென்று தனிக் கணக்கு தொடங்கி, அனுமதி கொடுத்தேன். சற்று நேரத்தில் புதுக் குழி ஒன்றைப் பதிந்தார். பக்கத்திலேயே அவர் பெயர் வந்தது. விழுப்புரம் அலுவலகத்தில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

காலையில் கேட்டுவிட வேண்டும்: மேடம், பழைய குழிகளையும் அவர் பெயருக்கு மாற்றட்டுமா?