கட்டிய கை

லாயாங் லாயாங் தோட்டம், மலாயா
மாசி 9, 1934

என் பிள்ளைகளின் தாய்க்கு,

கையெழுத்து கோணலாக இருப்பதைப் பார்த்துப் பயந்துவிடாதே. பேனா முனை சரியில்லை.

நேற்று எங்கள் தோட்டத்துக்கு ஒரு சர்க்கார் அதிகாரி வந்தார். வேலையில் அடிபட்டவர்கள் சொல்வதைக் கேட்டுத்தான் நஷ்டஈட்டுச் சட்டத்தைத் திருத்தப் போகிறார்களாம். சொல்ல வேண்டியதை நான்கு நாளாக மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்.

ரப்பர் பால் ஸ்டோர் வாசலில் வரிசையாக நின்றோம். அதிகாரியின் பக்கத்தில் தோட்டத்துத் துரையும் நின்றார். அவரைக் கண்டதும் வழக்கம்போலக் கையைக் கட்டிக்கொண்டேன்.

“உனக்கு என்ன ஆச்சு?” என்று மொழிபெயர்ப்பவர் கேட்டார்.

“ஒண்ணுமில்லீங்க ஐயா.”

அதிகாரி அதை எழுதிக்கொண்டார்.

அடுத்து நின்ற பொன்னாயி, பாலை உறைய வைக்கும் ஆசிட் பட்டு வெந்த தன் கையை நீட்டிக் காட்டினாள். பிறகு என் பக்கம் திரும்பி, “அண்ணே, கையை எடுத்துக் காட்டுங்கண்ணே. ரோலர்ல மூணு வெரலு போனதச் சொல்லுங்க” என்றாள். நான் வலக்கையை அக்குளுக்குள் இன்னும் இறுக்கிக்கொண்டேன். துரை சிரித்தார். அதிகாரி அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

பேனா நன்றாகத்தான் இருக்கிறது. இடக்கையால் எழுதுகிறேன். மூன்று மாதமாக உனக்குக் கடிதம் வராததற்கும் அதுதான் காரணம்.

இன்று காலை முதல் அந்த ரோலர் மெஷினில் என் இடத்தில் உன் தம்பியை நிறுத்தியிருக்கிறார்கள். அவன் இங்கே வந்த அன்று, துரையைக் கண்டால் கை கட்டி நிற்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவன் நான்தான்.

உன் முகத்தில் விழிக்கக் கூசும்
உன் புருஷன்