ஒரு போலி வழக்கும் நூறு அடிக்குறிப்பும்

திங்கள்

மாண்புமிகு அக்கா அவர்களின் சமூகத்திற்கு,

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது யாதெனில், உன் மாதிரி நீதிமன்றப் போட்டிக்கான எழுத்து வாதத்தின் நூற்றுச் சொச்சம் அடிக்குறிப்புகளும் இன்று மாலை என் கையால் அலங்காரம் முடிந்து எழுந்தருளின. நூலென்றால் தலைப்பு சாய்வெழுத்தில், கட்டுரையென்றால் மேற்கோள்குறிக்குள், வழக்கென்றால் இரு கட்சிக்காரர் பெயர், ஆண்டு, தொகுதி, பக்கம். மனுஷன் செய்கிற வேலையா இது?

அம்மாவிடம் போட்டுக்கொடுத்து என் போனைப் பிடுங்கவைத்தாய். அதை மீட்டுத் தருவதாக ஆசைகாட்டி வேலையும் வாங்கினாய். பேச்சு மட்டும் கிடையாது, கதவுக்கடியில் தாள்தான். ஆகவே கூலியாக, நானே பெற்றெடுத்த போலி வழக்கு ஒன்றை நடுவில் சொருகியிருக்கிறேன். முடிந்தால் கண்டுபிடி.

வழக்கின் தந்தை,
தம்பி

செவ்வாய் காலை

டேய்,

அன்பும் நலமும் உனக்குக் கிடையாது. எத்தனையாவது குறிப்பு? நாளை மாலைக்குள் கொடுக்க வேண்டும். ஜெயிக்கிற ஜோடிக்குத்தான் அந்தப் பெரிய வக்கீல் அலுவலகத்தில் வேலை. இல்லாத வழக்கைக் காட்டினால் போட்டியிலிருந்தே தூக்கிவிடுவார்கள். பாதி வாதம் என் தோழி எழுதியது. எது அவள் வழக்கு என்று கேட்கவும் முடியாது. வெளியாள் கைவைக்கவில்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். உன்னைச் சேர்த்தது தெரிந்தால் தொலைந்தேன்.

எண்ணை மட்டும் எழுது.

அக்கா

செவ்வாய் மாலை

புலனாய்வுத் துறைக்கு வணக்கம்.

முதலில் போன், பிறகு எண். இரக்கப்பட்டு ஒரு துப்பு: படித்தால் சிரிப்பு வரும்.

இப்படிக்கு,
மேதை

புதன்

டேய் மேதை,

மாட்டிக்கொண்டாய். அறுபத்திரண்டாவது: ‘குடை வியாபாரிகள் சங்கம் எதிர் மழைநீர் வாரியம்’. இந்தக் கோணல் புத்தி வேறு யாருக்கு வரும்? சரிபார்க்க நூலகம் போனால், அந்தத் தொகுதி மட்டும் பைண்டிங்குக்குப் போயிருக்கிறது. கண்டுபிடித்ததும் மற்றதைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். குறிப்பையும் அது தாங்கிய பத்தியையும் வெட்டியெறிந்து கொடுத்தாயிற்று.

போன் கிடையாது. போ.

அக்கா

வெள்ளி

தம்பிக்கு,

இன்று போட்டியில் தோழி எழுந்து, “குடை வியாபாரிகள் வழக்குல சொன்னது எங்களுக்கு அப்படியே பொருந்தும்” என்றாள். நடுவர் பக்கங்களைப் புரட்டினார். “எங்கேம்மா இருக்கு? காட்டுங்க.” அவளும் புரட்டினாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

அது நிஜ வழக்கு. அவள் தேடிப் பிடித்தது. எங்கள் வாதமே அதன்மேல்தான் நின்றது. தோற்றோம். வெளியே வந்ததும், “ஏண்டி வெட்டுனே?” என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். அவள் போய்விட்டாள்.

உன் போலி இன்னும் உள்ளேதான் இருக்கிறது. நாளை அதையும் யாராவது தோண்டி எடுப்பதற்குள் நானே நடுவரிடம் போய்ச் சொல்கிறேன். எண்ணைச் சொல். இனி உனக்கு ஒரு தாளும் வராது.

சனி

அக்கா,

கதவுக்கடியில் துணியை அடைத்துவிட்டாய். அதனால் கதவுமேல் ஒட்டுகிறேன். அம்மா படித்தாலும் படிக்கட்டும்.

எண் இல்லை. போலி ஒன்று செய்யத்தான் உட்கார்ந்தேன். பெயர் வைத்தால் ஆண்டு வேண்டும், ஆண்டு போட்டால் தொகுதி, தொகுதி போட்டால் பக்கம். ஒரு பொய்க்கு இவ்வளவு விலாசமா? எதை எழுதினாலும் பொய் என்று பளிச்சென்று தெரிந்தது. விட்டுவிட்டேன். முடியவில்லை என்று உன்னிடம் ஒத்துக்கொள்ளக் கூச்சமாக இருந்தது, பீற்றிக்கொண்டேன். குடை வழக்கைத் தட்டும்போது எனக்கே சிரிப்பு வந்தது, நீ எண் கேட்டதும் அதையே துப்பாக எழுதிவிட்டேன்.

உள்ளே இருப்பதெல்லாம் நிஜம், அக்கா. எனக்கு ஒரு போலி வழக்குகூட எழுதத் தெரியாது.

தம்பி