அழியாதுங்க

அக்கா,

இன்று காலை பட்டறையில் ஒரு லாரிக்குப் பச்சை பெயின்ட் அடிக்க ஆரம்பித்தார்கள். தின்னர் வாசம் சமையலறை வரைக்கும் வந்துவிட்டது. லாரிக்குப் பாடி கட்டும் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவளுக்கு அந்த வாசம் என்ன புதிதா என்று கேட்பாய். இருபது வருடமாகப் பழகிய வாசம்தான். இப்போது அது மூக்கில் ஏறினாலே எனக்கு வயிறு எரிகிறது. ஜன்னல்களை அடித்துச் சாத்திவிட்டு வந்து உனக்கு எழுதுகிறேன். நீ போய் எட்டு மாதம் ஆகிறது. துக்கம் கொஞ்சம் அடங்கியிருக்கிறது, கோபம் அடங்கவில்லை. அதில் உனக்கும் ஒரு பங்கு உண்டு.

நீ மூத்தவரைக் கட்டி வந்தாய், நான் இளையவரைக் கட்டி வந்தேன். ஓரகத்திகள் இப்படி ஒட்டிக்கொண்டு திரிகிறார்களே என்று நாமக்கல்லில் பாதிச் சொந்தத்துக்குப் பொறாமை. உனக்கு நகத்துக்குச் சாயம் பூசுவதென்றால் உயிர். ஆனால் பட்டறை ஆட்களுக்கும் சேர்த்து ஆக்கிப்போட்டுப் பாத்திரம் தேய்க்கிற கையில் எந்தப் பூச்சு நிற்கும்? மறுநாளே ஓரம் பெயர்ந்துவிடும். "கோழி கொத்துனாப்ல இருக்குது பாரு அம்மணி" என்று விரலை நீட்டிக் காட்டுவாய்.

சேலத்தில் உன் தம்பி புது வீட்டுக்குப் பால் காய்ச்சினாரே, அன்று சூரமங்கலத்தில் இருந்த அந்தப் பார்லருக்கு உன்னை இழுத்துக்கொண்டு போனது நான்தான். இதை மறைக்காமல் எழுத வேண்டும். நான்தான். நகத்துக்கு ஜெல் பூச்சு போட்டால் மூன்று வாரம் அசையாது, பாத்திரம் விளக்கினாலும் போகாது என்று அங்கிருந்த பெண் சொன்னாள். மிளகாய்ப்பழச் சிவப்பாகப் பார்த்து நீ எடுத்தாய். பூசிவிட்டு, பூச்சு இறுகுவதற்கு ஒரு சின்ன விளக்குப் பெட்டிக்குள் கையை வைக்கச் சொன்னதும் உனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இதென்ன அம்மணி, கோழிக்குஞ்சுக்கு பல்பு போட்டாப்ல இருக்குது" என்றாய். அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அடிப்பிடித்த சோற்றுக் குண்டாவைக் கம்பி நாரால் தேய்த்தாய். பத்து நகமும் அப்படியே இருந்தன.

பிறகு நாமே விளக்கும் பாட்டில்களும் வரவழைத்தோம். முதல் தடவை தடிமனாகப் பூசிவிட்டேன். விளக்குக்குள் வைத்ததும் "சுடுது, சுடுது" என்று கையை உதறினாய். மறுநாள் மாவு பிசையும்போது நகத்துப் பூச்சு முழுசாக உரிந்து மாவோடு போய்விட்டது. அன்று யாருடைய சப்பாத்திக்குள் போனது என்று கடைசி வரைக்கும் தெரியவில்லை. மூன்றாம் தடவைக்குள் கை பழகியது. மெலிசாகப் பூச வேண்டும், சதையில் படக் கூடாது, நுனியையும் சேர்த்து மூட வேண்டும். எடுப்பதற்கும் ஒரு முறை இருந்தது. பஞ்சை அசிட்டோனில் நனைத்து நகத்தின் மேல் வைத்து, அலுமினியத் தாளைச் சுற்றிப் பதினைந்து நிமிடம் பொறுக்க வேண்டும். அப்புறம் தானாகக் கழன்று வரும். சுரண்டினால் நகமும் சேர்ந்து வரும் என்று அந்தப் பார்லர் பெண் இரண்டு முறை சொல்லி அனுப்பியிருந்தாள். பத்து விரலிலும் பொட்டலம் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, "மூக்கு அரிக்குது, சொறிஞ்சு உடு" என்று என்னை வேலை வாங்குவாய்.

அந்தப் பதினைந்து நிமிடத்தைப் பற்றித்தான் நான் சொல்ல வந்தேன்.

உன் வீட்டுக்காரர் பட்டறையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தபோது, உன் நகத்தில் அந்தச் சிவப்பைப் போட்டு நாலு நாள்தான் ஆகியிருந்தது. வாசலில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். உள்ளே உன் பொட்டை அழித்தார்கள், பூவை எடுத்தார்கள், வளையலை உடைத்தார்கள். அதற்கப்புறம் நம் மாமனாரின் தங்கை, நாம் இருவரும் அத்தை என்று கூப்பிடுகிறவள், உன் விரலைப் பார்த்தாள். அவர் என்று மரியாதையாக எழுதத்தான் பார்த்தேன், கை வரவில்லை.

"நகத்துல என்ன சாயம்? அழிங்க மொதல்ல."

யாரோ கடையில் விற்கிற நகப்பூச்சு அழிப்பானைக் கொண்டுவந்து தேய்த்தார்கள். போகவில்லை. மண்ணெண்ணெய் தேய்த்தார்கள். போகவில்லை. "பட்டறையில தின்னர் இருக்குமில்ல, கொண்டாங்க" என்றாள் அத்தை. உன் வீட்டுக்காரர் வாங்கி வைத்த தின்னர், அக்கா. ஒரு டம்ளரில் ஊற்றி உன் விரல்களை உள்ளே அமுக்கினார்கள். சதை சிவந்து எரிந்ததே தவிர சாயம் போகவில்லை. பிறகு ஒரு பிளேடு வந்தது. அத்தை என்னைப் பார்த்து, "கையைக் கெட்டியாப் புடி அம்மணி" என்றாள்.

பிடித்தேன்.

பீரோவில் அசிட்டோன் இருக்கிறது, பதினைந்து நிமிடம் பொறுங்கள் என்று எனக்குச் சொல்லத் தெரியாதா? தெரியும். சொன்னால், இந்தப் பழக்கத்தைப் பிடித்துக்கொடுத்தது நான்தான் என்று அத்தனை பேருக்கும் தெரிந்துபோகும். அதற்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தேன். நீயும் சொல்லவில்லை, என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. அவர்கள் சுரண்டும்போது என் முகத்தைப் பார்த்து மெதுவாக ஒன்று சொன்னாய். "நல்லாப் புடிச்சுக்க. ஆடுச்சுன்னா வெட்டிப்போடும்." மோதிர விரல் நகம் பாதி பெயர்ந்து வந்தது. சிவப்பு போய்விட்டதா என்று பார்க்க முடியாத அளவுக்கு ரத்தம். வெளியே ஆண்கள் பாடைக்கு மூங்கில் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

உன் மேல் எனக்கிருக்கும் கோபத்தையும் சொல்லிவிடுகிறேன். கருமாதி முடிந்து நான் உன் விரலுக்கு மருந்து போட்டுக்கொண்டே அழுதபோது என்னை நாலு அறை அறைந்திருக்கலாம். "உடு அம்மணி, நகந்தான, மொளைச்சுக்கும்" என்றாய். முளைத்தது. கோணலாக, நடுவில் ஒரு வரப்போடு முளைத்தது. அத்தை வீட்டுக்கு வந்தபோதெல்லாம் அந்த விரலாலேயே அவளுக்குக் காபி ஆற்றிக் கொடுத்தாய். உன் பொறுமையைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எல்லோரும் உன்னைத் தங்கமானவள் என்றார்கள். தங்கமானவள் என்று சொல்லிச் சொல்லியே உன்னை உருக்கினார்கள்.

ஒரு வருடம் கழித்து, மறுபடி போட்டுவிடட்டுமா என்று கேட்டேன். "போடறதுன்னா அழியறதாப் போடு" என்றாய். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை மதியம் கதவைச் சாத்திக்கொண்டு சாதாரணப் பூச்சைப் போடுவேன். சாயங்காலம் யாராவது வருவதற்குள் நீயே பஞ்சால் துடைத்துவிடுவாய். ஒரு மதியத்துச் சிவப்பு. அந்த ஜெல் விளக்கு பரணுக்குப் போய்விட்டது.

கர்ப்பப்பையில் வந்த புற்றுநோய் உன்னைப் படுக்க வைத்து, இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் அனுப்பிய பிறகு, ஒரு நாள் கையை நீட்டினாய். நான் போட்டுவிட்டேன். அன்றைக்குப் பஞ்சு கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் போய்விட்டாய்.

குளிப்பாட்ட வந்த அத்தை போர்வையை விலக்கியதும் நின்றுவிட்டாள். "தாலியறுத்தவ கையில இதென்ன கூத்து? அழிச்சுப்போட்டுத் தண்ணி ஊத்துங்க."

"அழியாதுங்க அத்தை" என்றேன். "ஜெல்லு."

பொய், அக்கா. ஒரு துளி ரிமூவரில் ஓடிப்போகிற பூச்சு. பாட்டில் என் முதுகுக்குப் பின்னால் இருந்த அலமாரியில்தான் இருந்தது.

"தின்னர் கொண்டாரச் சொல்லு."

உன் இரண்டு கையையும் எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். "கொண்டாரச் சொல்லுங்க. பிளேடும் கொண்டாரச் சொல்லுங்க. போன தடவை நான் புடிச்சுக்கிட்டேன், நீங்க சொரண்டுனீங்க. இந்தத் தடவை மொதல்ல என்ர நகத்தைச் சொரண்டிப்போட்டு அப்புறம் அக்காகிட்ட வாங்க." என் குரல் வாசல் வரைக்கும் கேட்டிருக்கிறது. அத்தை உன் மோதிர விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு தண்ணீர் சொம்பை எடுத்தாள். நீ சிவப்போடுதான் போனாய்.

அதற்காக என்னை நீ மெச்ச வேண்டாம். உண்மையைச் சொல்ல வேண்டிய அன்றைக்கு ஊமையாக இருந்தவள், உனக்கு வலிக்காத நாளில் பொய் சொல்லி வீரம் காட்டினேன். அந்த எரிச்சல் என்னை விட்டுப் போகாது, போகவும் வேண்டாம்.

போன மாதம் பரணில் இருந்து விளக்கை இறக்கினேன். இடது கையால் வலது கைக்குப் போட இன்னும் சரியாக வரவில்லை, கட்டைவிரலில் எப்போதும் சதையில் பட்டுவிடுகிறது. நேற்று அத்தை வந்திருந்தாள். காபி டம்ளரை நீட்டினேன். வாங்காமல் என் விரல்களையே பார்த்தாள்.

"இது அழியறதா, அழியாததா?"

"அழியாதுங்க" என்றேன்.

இந்தத் தடவை பொய் இல்லை.